டெல்லி அதிகாரிக்குக் காட்டிய தீப்பெட்டி ஆபீஸ்

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி செய்யும் இடத்தை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்றுதான் பேர். நாற்காலி மேசை எதுவும் இல்லாமல், பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து குச்சி அடுக்குகிற கொட்டகைக்கும் ஆபீஸ் என்றே பேர். எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. கோவில்பட்டி ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ரயில் தண்டவாளத்தை ஒட்டி, பாதி ஓடும் பாதி பனை ஓலையுமாக இருந்த கொட்டகை. ஏழெட்டு வருஷம் நடத்தினேன். அது எப்படிக் கையை விட்டுப் போயிற்று என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதுவதால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அதில் என் தப்பு எது, என் தப்பு இல்லாதது எது என்று இத்தனை வருஷமாக எனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை காகிதத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு இருந்தது. பருத்தியும் கம்பும் போடுவோம். ஐப்பசியில் மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து இல்லை என்றானபோது, காட்டில் பாதியை விலைக்குக் கொடுத்துவிட்டு ஆபீஸ் ஆரம்பித்தேன். காட்டுக்கு ஆகாத வெயில் தீப்பெட்டிக்கு நல்லது. மருந்தில் தோய்த்த குச்சி காய வேண்டும், ஒட்டிய பெட்டி காய வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் செண்பகவல்லியம்மன் சன்னதியில் நிற்கும்போது எனக்கு என்ன கேட்பதென்று குழப்பமாக இருக்கும். மீதிக் காட்டுக்கு மழையும் கேட்க வேண்டும், ஆபீசுக்கு வெயிலும் கேட்க வேண்டும். கடைசியில், "உனக்குத் தெரியும் தாயே" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இந்தத் தொழிலில் வரி எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தீப்பெட்டியின் மேலும் அரசாங்க வரிச்சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். பாண்ட்ரோல் என்போம். அதை முன்கூட்டியே பணம் கட்டி வாங்கி, பெட்டியில் ஒட்டி, அதற்குப் பிறகுதான் சரக்கை வெளியே அனுப்பலாம். சரக்கு விற்கிறதோ இல்லையோ, வரி முதலில் போய்விடும். மெஷின் வைத்துச் செய்கிற கம்பெனிக்கு ஒரு வரி. கையால் செய்கிற பெரிய ஆபீசுக்கு அதில் கொஞ்சம் குறைவு. என்னைப் போன்ற சின்ன ஆபீசுக்கு அதிலும் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சம்தான் எங்கள் சாப்பாடு. அதை எடுத்துவிட்டால் எங்கள் பெட்டியைக் கடைக்காரன் கையால் தொட மாட்டான்.

அந்தச் சலுகையை எடுக்கப் போகிறார்கள் என்று முதலில் சொன்னது பாய். கடைவீதியில் அவருக்குக் காகிதக் கடை. பெட்டி ஒட்டுகிற நீலக் காகிதம் எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். அவருக்கும் என்னைப் போலவே ஒரு சின்ன ஆபீஸ் உண்டு. இங்கிலீஷ் பேப்பர் படிப்பார், இங்கிலீஷில் கடிதம் எழுதுவார். அதனால் சின்ன ஆபீஸ்காரர்கள் நாங்கள் நாற்பது பேருக்குக் குறையாமல் சேர்ந்து சங்கம் வைத்தபோது அவரையே செயலாளராக ஆக்கியிருந்தோம். கூட்டம் என்றால் அவர் கடைக்குப் பின்னால் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து பேசுவதுதான்.

"சலுகை தப்பாப் போகுதுங்காக," என்று பாய் அன்று பேப்பரை மடித்துவைத்துவிட்டுச் சொன்னார். "பெரிய முதலாளிமாரு ஒரு ஆபீசப் பத்தாப் பிரிச்சு, மச்சான் பேருல ஒண்ணு, மாமனார் பேருல ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு, எல்லாம் சின்ன ஆபீசுன்னு சலுகை வாங்குதாகளாம். அதனால சின்ன ஆபீசுன்னு ஒண்ணு இருக்கான்னே டெல்லிக்குச் சந்தேகம் வந்துட்டு."

"அவிய பிரிச்சதுக்கு நாம என்ன செய்ய, பாய்?" என்றேன்.

"நாம நெசமாவே சின்னவங்கன்னு எழுதிப் போடணும்."

"அப்படின்னா எங்களக் காப்பாத்துங்கன்னு எழுதுங்க."

"அண்ணாச்சி, இது கோயில்ல போடுத வேண்டுதல் இல்ல. எத்தன பொம்பளைக வேல செய்யுதாக, என்ன கூலி, சலுகை போனா எத்தன அடுப்பு அணையும்னு விவரமா எழுதணும். காப்பாத்துங்கன்னா அவன் காப்பாத்துவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மனு எழுதி முடிந்ததும், அதை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த பிறகுதான் தபாலில் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பாய் மறுக்கவில்லை. கோயில் வாசல் வரை என்னோடு வந்து, என் செருப்பைக் காட்டி, "இதுக்கு நான் காவல். உள்ள உள்ளதுக்கு உங்க ஆத்தா காவல்," என்றார். நான் உள்ளே போய், அர்ச்சகரிடம் கொடுத்து, குங்குமம் பட்ட கவரோடு வெளியே வந்தேன். பாய் அதை ஊதிவிட்டு, தானும் கண்ணை மூடி உதட்டை அசைத்தார். இரண்டு பேருமாகத் தபால் ஆபீசுக்குப் போனோம்.

மனுவுக்குப் பதில் வரும் என்று உண்மையில் நான் நினைக்கவில்லை. ஆனால் வந்தது. அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி தென்பக்கம் சுற்றி வருகிறார், கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆபீசை நேரில் பார்ப்பார், சங்கமே ஒன்றைத் தேர்ந்து வைக்கலாம் என்று இருந்தது. பாய் அதை எங்களுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். எல்லோரும் என் ஆபீசையே சொன்னார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பது ஒரு காரணம். மற்றது, சங்கத்திலேயே மிகச் சின்னது என்னுடையதுதான். என் வீட்டுக்காரியோடு சேர்த்துப் பதினாலு பெண்கள்.

அன்று பாய் என்னிடம் சொன்ன வார்த்தை ஒன்று விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அண்ணாச்சி, ஒண்ணும் மாத்தாதீக. ஓலை பிஞ்சிருந்தா பிஞ்சிருக்கட்டும். தரை பேந்திருந்தா பேந்திருக்கட்டும். இருக்கது இருக்கபடி இருக்கட்டும். அவிய கண்ணால பாத்தாப் போதும், நாம ஒரு வார்த்த பேச வேண்டாம்."

நானும் சரி என்றுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பிறகு, "எங்க உக்கார வைப்பீக?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் ஆபீசில் விஷயம் தெரிந்ததும், கட்டை அடுக்குகிறவர்களில் மூத்தவளான அக்கா ஒருத்தி, ஆடு மேய்க்கிற குடும்பத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம், அவள் ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, டெல்லியில இருந்து வாறவரு இந்த ஓட்டக் கொட்டகைக்குள்ளயா வருவாரு? அந்தக் கட்டையப் பாருங்க. பலகை வளஞ்சு போயிக் கெடக்கு. நாலு குச்சி அடுக்குனா ரெண்டு கீழ விழுது. சிரிக்க மாட்டாரா?"

"இருக்கபடி இருக்கணும்னு பாய் சொல்லியிருக்காரு."

"பாயி சொல்லுவாரு. அவிய ஆபீசுக்கா வாராரு? பொண்ணு பாக்க வாற வீட்டுல கிழிஞ்ச பாயவா விரிப்பாக? ஏட்டி, நீ சொல்லு," என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அவள் முகத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுல சாமிக்குக் கொடை கொடுக்கப்போ, எங்கய்யா கடன் வாங்கியாவது வெள்ளை அடிச்சிருவாக."

கட்டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பள்ளம் பள்ளமாக வெட்டிய மெல்லிய பலகைகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கிப் பிடித்தால் அது ஒரு கட்டை. அதை அப்படியே தூக்கி மருந்தில் முக்குவோம். நல்ல கட்டை இருந்தால் வேலை ஓடும். என்னிடம் இருந்தவை பழையவை, பாதிக்குமேல் வளைந்தவை.

அக்கா சொன்னதைக் கேட்டு எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவரை நல்லபடி வரவேற்க வேண்டும் என்பது என் அப்பா எனக்குச் சொல்லித் தந்தது இல்லை, அது ரத்தத்தில் இருப்பது. எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அண்டா ஒரு வீட்டில், ஜமக்காளம் ஒரு வீட்டில், பெட்ரோமாக்ஸ் ஒரு வீட்டில் இரவல் வாங்குவோம். பந்தியில் வைக்கிற தண்ணீர்ச் செம்பில் வேறு யார் பேராவது வெட்டியிருக்கும். அதை யாரும் பார்ப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. அது பொய் என்று ஒருவருக்கும் தோன்றாது. மரியாதை என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

அந்த வாரம் முழுதும் வேலை செய்தோம். சுவருக்கு வெள்ளை அடித்தேன். பிய்ந்த ஓலையை எடுத்துவிட்டுப் புது ஓலை வேய்ந்தேன். பெண்கள் சாணி போட்டுத் தரை மெழுகினார்கள். கட்டைக்கு என்ன செய்வது என்று யோசித்து, எட்டயபுரம் ரோட்டில் பெரிய ஆபீஸ் வைத்திருந்த முதலாளியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர். என்னை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்.

"இதக் கேக்கதுக்கா இம்புட்டுத் தயங்குனீக?" என்றார். "டெல்லிக்காரன் முன்னால நம்ம ஊரு மானம் போகலாமா? வண்டியில ஏத்தி விடுதேன். ஆள் காணாதுன்னா பொம்பளைகளும் பத்துப் பேரு வரட்டும். எடம் நெறஞ்சு இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும்."

அவரைப் பற்றிப் பின்னால் பல பேர் பலவிதமாகப் பேசினார்கள். சின்ன ஆபீஸ்கள் ஒழிந்தால் அவருக்கு லாபம்தானே, அதனால்தான் கொடுத்தார் என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்ல நாக்கு வராது. கேட்டது நான். அவர் கொடுத்தார்.

வந்த கட்டைகள் புத்தம் புதியவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சூட்டுக்கோலால் ஒரு வட்டமும் அதற்குள் இரண்டு கோடும் போட்டிருந்தது. அவருடைய ஆபீஸ் அடையாளம். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மரம் எவ்வளவு நேர்த்தியாக இழைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. வாசலில் பெரிய கோலம், மேலே மாவிலைத் தோரணம். பெண்கள் இருக்கிறதில் நல்ல சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். அந்த அக்கா தன் மருமகளின் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பழைய கட்டைகளைப் பின்னால் தென்னந்தட்டிக்கு மறைவில் அடுக்கியிருந்தோம். நான் குளித்து, திருநீறு பூசி, மாலையும் கையுமாக நின்றேன்.

ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியது பாய். அவர் சுவரைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த இருபத்து நாலு பெண்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது அவர் முகம் செத்துவிட்டது. அதிகாரி பின்னாலேயே இறங்கிவிட்டதால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "என்ன செஞ்சுட்டீக?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

அதிகாரி மெலிந்த, அமைதியான மனிதர். அவரோடு எங்கள் ஊர்க் கலால் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வது அவர் வேலை. நான் போட்ட மாலையை அதிகாரி உடனே கழற்றி, கசங்காமல் மேசைமேல் வைத்தார். அந்த மேசையும் இரவல். கலர் சோடாவை வாங்கி ஒரு வாய் குடித்தார். பெண்களைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

பிறகு குனிந்து, ஒரு பெண்ணின் பக்கத்தில் இருந்த கட்டையை எடுத்தார். திருப்பினார். ஓரத்தில் இருந்த அடையாளத்தை விரலால் தடவினார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை. இன்ஸ்பெக்டரிடம் ஏதோ கேட்டார்.

"இது யார் அடையாளம்னு கேக்கறார்," என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கே அது யாருடையது என்று தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நான் உள்ளதைச் சொன்னேன். பெரிய ஆபீஸ் முதலாளியுடையது, ஐயா வருகிறீர்கள் என்று மரியாதைக்காக இரவல் வாங்கியது, என் கட்டைகள் பழையவை, பின்னால் இருக்கின்றன, காட்டுகிறேன், நாங்கள் ரொம்பச் சின்னவர்கள், இந்தச் சலுகை போனால் இந்தப் பெண்களுக்கு வேலை இருக்காது என்று மூச்சு விடாமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் அதை நாலு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார்.

அதிகாரி தலையை ஆட்டினார். பெரிய ஆபீசிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தியிடம் திரும்பினார். சின்ன வயதுக்காரி. நேற்று எங்கே வேலை செய்தாய் என்று இன்ஸ்பெக்டர் மூலமாகக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லச் சொல்லி நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்படி ஒரு எண்ணமே எனக்கு வரவில்லை. "பெரிய ஆபீசுல," என்றாள். பக்கத்தில் இருந்தவளும், கேட்காமலேயே, "நானும் அங்கனதான்," என்றாள்.

பாய் முன்னால் வந்து இங்கிலீஷில் பேசினார். வேகமாக, கையை விரித்துப் பேசினார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார், சின்னதாகப் பதில் சொன்னார். அதை இன்ஸ்பெக்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: "இந்தப் பக்கத்துல நாலு ஊர் பாத்துட்டு வரார். எங்க போனாலும் சின்ன ஆபீசுக்குள்ள பெரிய ஆபீஸ் சாமான்தான் இருக்காம். எல்லாரும் இரவல்னுதான் சொல்றாளாம்."

நான் தட்டிக்குப் பின்னால் ஓடி, என் பழைய கட்டை இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். அவற்றில் குச்சி இல்லை, ஒரு வாரத்துத் தூசி இருந்தது. அவர் அவற்றையும் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். என் தோளைத் தொட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். என்ன நடந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "நல்ல மனுசன், சோடாவக் குடிச்சாருல்ல," என்றாள் அக்கா.

பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோலத்தின் மேல் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார். பிறகு, "சாயங்கால வண்டிக்கு அவரு தூத்துக்குடி போறாரு. மணியாச்சியில வண்டி மாறணும். அங்கன பிடிப்போம். இன்னொரு மனு எழுதுதேன்," என்றார்.

கடையில் உட்கார்ந்து எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். நடந்ததை நடந்தபடி எழுதினார். எங்கள் பக்கத்து வழக்கம் இது, வருகிறவருக்கு மரியாதை செய்ய அடுத்தவர் சாமானை வாங்கி வைப்போம், தயவுசெய்து நாளையோ மறுநாளோ சொல்லாமல் கொள்ளாமல் வந்து பாருங்கள் என்று. எழுதி முடித்து எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். "இத எந்த டெல்லிக்காரன் நம்புவான், அண்ணாச்சி? எழுதுத எனக்கே கத மாதிரி இருக்கு," என்றார். இந்த மனுவைக் கோயிலுக்குக் கொண்டுபோக நேரம் இல்லை. எனக்குத் தைரியமும் இல்லை.

மணியாச்சி ஜங்ஷனில் நல்ல வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் முந்திப் போன வண்டியில் போய்க் காத்திருந்தோம். அதிகாரி இறங்கினார், எங்களை அடையாளம் கண்டுகொண்டார், சிரித்தார். பாய் மனுவைக் கொடுத்தார். அவர் நின்றுகொண்டே முழுதும் படித்தார். அந்த நேரத்தில் நான் அம்மன் பேரை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. படித்து முடித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாயிடம் ஏதோ சொன்னார். தூத்துக்குடி வண்டி நின்றது. ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"நல்லா எழுதியிருக்கீகன்னாரு," என்றார் பாய்.

திரும்பி வரும் வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். கடம்பூர் தாண்டும்போது பாய், "நீங்க மரியாதைக்குச் செஞ்சீக. அது எனக்குத் தெரியும். மத்தவங்களுக்கும் நான் சொல்லுதேன்," என்றார்.

அவர் சொன்னார்தான். சங்கத்தில் யாரும் என் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்குப் போனால், எனக்காகக் காகிதக் கட்டின் மேல் இடம் ஒதுக்குவார்களே, அந்த ஒதுக்குதலில் ஒரு வித்தியாசம் இருந்தது. டீக்கடையில் ஒரு நாள் ஒருவர், "அண்ணாச்சி வீட்டுல அடுத்த விசேஷம் எப்போ? எங்கிட்டயும் ரெண்டு நாற்காலி இருக்கு," என்றார். மற்றவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

பட்ஜெட் வந்தது. சலுகையை முழுதாக எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட என்னால்தான் என்ற பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். பெரிய ஆபீசோடு எந்தவிதத் தொடர்பும் இல்லை என்று நிரூபிக்கிற சின்ன ஆபீசுக்கு மட்டும் சலுகை என்று வைத்தார்கள். எப்படி நிரூபிப்பது? குச்சி பெரிய ஆபீஸ்காரரிடம் வாங்குகிறோம், மருந்து அவரிடம் வாங்குகிறோம். நாற்பது பேரில் நிரூபிக்க முடிந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அந்த அதிகாரி டெல்லிக்குக் கொடுத்த அறிக்கையில் ஊர் பேர் போடாமல் ஒரு ஆபீசைப் பற்றி எழுதியிருப்பதாகப் பாய்க்கு யாரோ சொன்னார்கள். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஆபீஸ், வெள்ளை அடித்த கட்டடம், புதுக் கட்டைகள், வேறொருவர் அடையாளம். பாய் இதை எனக்குச் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித் தெரிந்தது. நான் போய்க் கேட்டபோது, "ஆமா," என்றார். காகிதம் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

நாலு மாதம் தாக்குப் பிடித்தேன். மீதிக் காட்டையும் கொடுத்துப் பாண்ட்ரோல் வாங்கினேன். பெட்டியை எடுக்க ஆள் இல்லை. ஒரு நாள் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போய் லைசென்சைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "நான் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் விவரமாச் சொல்லியிருக்கலாம்," என்றார். அவர் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதனால் அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

பெண்களை எல்லாம் பெரிய ஆபீஸ் முதலாளி எடுத்துக்கொண்டார். ஒருத்தியையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் தெருவிலிருந்து அது இரண்டு மைல். கைக்குழந்தை உள்ளவர்கள் இரண்டு பேர் போக முடியாமல் நின்றுவிட்டார்கள். அந்த அக்கா போனாள். போவதற்கு முன்னால் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "நாந்தான வாயத் தொறந்தேன், அண்ணாச்சி," என்றாள். நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. என் வீட்டுக்காரி வீட்டிலிருந்தபடியே அந்த ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான் பாய் கடையில் காகிதம் வெட்டப் போனேன். அவர் கூப்பிட்டார், போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. முன்பு என்ன கேட்பது என்று குழம்புவேன். இப்போது கேட்பதற்கே வாய் வரவில்லை. அம்மன் என்னைத் தண்டித்தாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் பாதத்தில் வைத்த மனுவுக்குப் பதில் வந்தது, அதிகாரி நம் வாசல் வரை வந்தார், அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். அதற்குப் பிறகு நடந்தது நான் செய்தது. இதை நினைத்தால் ஆறுதலாக இருக்க வேண்டும் என்று பாய் ஒருமுறை சொன்னார். எனக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த வருஷம் பட்ஜெட்டுக்கு முன்னால் பாய் மறுபடியும் ஒரு மனு எழுதினார். சங்கத்தில் மிஞ்சியது பத்துப் பேர்கூட இல்லை. கூட்டம் கடையின் பின்பக்கம் நடந்தது. நான் அந்த நேரம் அங்கேதான் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். மனு ஒவ்வொருவர் கையாக மாறி வந்தது. என் பக்கத்தில் இருந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழக்கத்தில் என்னிடம் நீட்டினார். நானும் பழக்கத்தில் கத்தியை வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினேன்.

பாய் எழுந்து வந்தார். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "லைசென்சு உள்ளவுக மட்டும் போடணுமாம், அண்ணாச்சி. இல்லாதவுக பேரு இருந்தா மனுவையே தள்ளிருவாக," என்றார்.

நான் பேனாவை மூடி அவரிடம் கொடுத்தேன். கவரை ஒட்டிக் கொடுத்தது நான்தான். ஸ்டேஷனில் மெயில் வண்டித் தபால் பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டதும் நான்தான். அதற்குப் பதில் வந்ததாக எனக்குத் தெரியாது.